காயல்பட்டினத்துக்குப் போன கேசட்

கொக்கிரகுளம்,
திருநெல்வேலி.
6.11.1993

அன்பு நண்பன் ஷேக் மைதீனுக்கு,

ஆவுடைநாயகம் எழுதுவது. நானும் பிரம்மநாயகியும் பிள்ளைகளும் சுகம். துபாயில் உன் சுகத்தை வழக்கம்போல ஒரு வரியில் விசாரித்துவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போக இந்த முறை எனக்கு மனம் வரவில்லை. அதைப் பின்னால் எழுதுகிறேன். ஜனவரியில் நீ கம்பெனிக் காகிதத்தில் கையெழுத்துப் போடுவதற்குள் இந்தக் கடிதம் உன் கைக்குக் கிடைத்துவிட வேண்டும் என்பதே என் கவலை.

முதலில் நன்றி. உன் மச்சானிடம் கொடுத்தனுப்பிய சிந்தசைசர் ஒரு கீறல்கூட இல்லாமல் வந்து சேர்ந்தது. அதைச் சுற்றியிருந்த கம்பளியைப் பிரம்மநாயகி மடித்துப் பீரோவில் வைத்துக்கொண்டாள். அதுவும் எங்களுக்குத்தானா என்று தெரியவில்லை. இல்லையென்றாலும் இனி அவளிடமிருந்து வாங்க முடியாது.

போன ஐப்பசி கடைசியில் வந்த வெள்ளத்தில் நம் இசைக்குழுவின் ரிகர்சல் அறைக்குள் ஆறு புகுந்து, பழைய கீபோர்டு மூழ்கிப்போனதை அப்போதே எழுதியிருந்தேன். தண்ணீர் வடிந்தபின் மூடியைத் திறந்தால் உள்ளே இரண்டு கை வண்டல். அன்றிலிருந்து ஒரு வருஷம் இரவல் கீபோர்டில் வாசித்தேன். இரவல் கொடுத்தவருக்கு அதே தேதியில் நிகழ்ச்சி இருந்தால் நான் மேடைக்குக் கீழே நாற்காலி போட்டு உட்கார்ந்து கைதட்ட வேண்டியதுதான். போதும் என்று முடிவு செய்து, முக்கூடலில் ஒரு பீடிக் கம்பெனி மேற்பார்வை வேலைக்கு வருவதாக வாக்கும் கொடுத்துவிட்டேன். இதை உனக்கு எழுதவில்லை, வெட்கம். அந்த வேலையில் சேர வேண்டிய நாளுக்கு நான்கு நாள் முன்னால் உன் மச்சான் வாசலில் ஆட்டோவை விட்டு இறங்கினார். மைதீன், நீ எனக்குச் செய்தது சின்ன உதவி இல்லை. நான் எந்த வேலைக்குப் பிறந்தேனோ அந்த வேலையில் என்னைத் திரும்ப உட்கார வைத்திருக்கிறாய்.

நாம் முதன்முதலில் தொட்ட சிந்தசைசர் மிஷின் நினைவிருக்கிறதா? எண்பத்திரண்டில். ஒரு நேரத்தில் ஒரு கட்டைதான் பேசும், இரண்டு விரல் வைத்தால் ஒன்று ஊமை. பேட்டையில் மத்தியானக் கல்யாணத்தில் தகரப் பந்தலுக்குக் கீழே வெயில் ஏற ஏற அதன் சுருதியும் நழுவிக்கொண்டே போனது. பாடுகிறவர் என்னை முறைக்க, நான் உன்னை முறைக்க, நீ கல்யாண வீட்டு விசிறி இரண்டை வாங்கிவந்து மிஷினுக்கு வீசினாய். மாப்பிள்ளைக்குக்கூட அன்றைக்கு அவ்வளவு காற்று கிடைக்கவில்லை. அதற்கு ஞாபகசக்தியும் கிடையாது. பாட்டுக்குப் பாட்டு இருபது திருகு. நீ சாக்பீஸால் கோடு போட்டு வைப்பாய், அடுத்த பாட்டுக்கு ஈரத்துணியால் துடைத்து வேறு கோடு போடுவாய்.

அமெரிக்காவில் முதலில் வந்தது பீரோ அளவு, டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் மாதிரி ஒயர் குத்தி வாசிப்பார்கள் என்று நீதான் எங்கோ படித்துவந்து சொன்னாய். ஜப்பான்காரன் அதை மடிமேல் வைக்கிற அளவுக்குச் சுருக்கினான், பிறகு ஆறு கட்டை சேர்ந்து பேசியது, பிறகு சுருதி வெயிலுக்கு அசையாமல் நின்றது, பிறகு நாம் திருகி வைத்த ஒலியை நம்பர் போட்டு ஞாபகம் வைத்துக்கொண்டது. ஒவ்வொன்றையும் நீ துபாயிலிருந்து எழுதினாய். நான் இங்கே இருந்தபடியே படித்துத் தெரிந்துகொண்டேன். நீ அனுப்பியிருக்கும் இந்த மிஷினில் நூற்று இருபத்தெட்டு ஒலி தங்கும் என்றும், எல்லாம் நீயே உட்கார்ந்து செய்தவை என்றும் உன் குறிப்பில் இருந்ததைப் பிரம்மநாயகிக்கு இரண்டு தடவை படித்துக் காட்டினேன்.

ஆனால் இங்கே வந்தபோது அந்த நூற்று இருபத்தெட்டும் காலி. உள்ளே இருந்த பேட்டரி செத்துவிட்டது. நல்ல வேளை, அதையும் நீ எதிர்பார்த்து, எல்லா ஒலியையும் கேசட்டில் ஏற்றி அனுப்பியிருப்பதாகவும், டேப் ரிக்கார்டரில் ஒயர் கொடுத்து ஓடவிட்டால் மிஷின் திரும்பப் படித்துக்கொள்ளும் என்றும் எழுதியிருந்தாய். ஓடவிட்டேன். மிஷின் எதையும் படிக்கவில்லை. சரி, கேசட்டில் என்னதான் இருக்கிறது என்று ஒயரைப் பிடுங்கிவிட்டுக் கேட்டேன். உன் குரல்.

நடந்தது இதுதான். எனக்கு ஒரு கேசட், உன் வீட்டுக்காரி ஜைனம்புக்கு ஒரு கேசட். இரண்டும் ஒரே மாதிரி. ரப்பர் பேண்டில் நீ சொருகிய பெயர்ச் சீட்டு வழியிலேயே விழுந்துவிட, உன் மச்சான் குத்துமதிப்பாக ஆளுக்கொன்று கொடுத்திருக்கிறார்.

இனி எழுதப்போவதற்கு நீ என்னை மன்னிக்க வேண்டும். ஸலாம் சொல்லி ஜைனம்பு பெயரைச் சொன்னதுமே நான் நிறுத்தியிருக்க வேண்டும். நீதான் கஞ்சனாயிற்றே, இரண்டு பேருக்கும் ஒரே கேசட்டில் பதிந்திருப்பாய், மிஷின் விவரம் பின்னால் வரும் என்று நினைத்து ஓட்டி ஓட்டிக் கேட்டேன். மிஷின் விவரம் வந்தது. "ஆவுடைக்கு மிஷின அனுப்பியிருக்கேன். அவன்ட்ட ஒண்ணும் சொல்லிராத. போன நோம்புக்கு முந்தியே எனக்கு வலது காது போயிட்டு. ஜெனரேட்டர் ரூம்ல நாலு வருசம் நின்னதுக்கு அது குடுத்த கூலி. இனி வராதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. ஒத்தக் காத வச்சிக்கிட்டு இந்த மிஷின் எனக்கு எதுக்கு? தெரிஞ்சா அவன் வாங்க மாட்டான்" என்றாய். ஜனவரியில் விசா முடிகிறது, இன்னும் இரண்டு வருஷத்துக்குக் கையெழுத்துப் போடப்போகிறேன், ஊருக்கு வந்துதான் என்ன செய்ய என்றும் சொன்னாய். அதற்குமேல் என்னால் கேட்க முடியவில்லை. சட்டையை மாட்டிக்கொண்டு காயல்பட்டினத்துக்குப் பஸ் ஏறினேன்.

உன் வீட்டில் நடந்ததைக் கேட்டால் சிரிப்பாய். துபாய் கேசட் வந்தால் உங்கள் பக்கம் எல்லோரும் கூடி உட்கார்ந்துதானே கேட்பீர்கள்? அப்படியே கூடியிருக்கிறார்கள். பட்டனை அமுக்கியதும் காது கிழிகிற மாதிரி ஒரே கிறீச். உன் உம்மா நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு, "எம்புள்ளைக்கு என்ன ஆச்சு, ஏன் இப்பிடிக் கத்துதான்?" என்று அழுதிருக்கிறார்கள். பென்சிலை விட்டுச் சுற்றிப் பார்த்து, வெயிலில் வைத்துப் பார்த்து, கடைசியில் கேசட் கெட்டுவிட்டது என்று முடிவு கட்டிவிட்டார்கள். கெட்டதைத் தூக்கிப் போட்டார்களா என்றால் அதுவும் இல்லை. வந்த கேசட்டிலேயே பதில் பேசித் திருப்பி அனுப்புவதுதானே உங்கள் வழக்கம்! நான் உள்ளே நுழையும்போது உம்மா டேப் ரிக்கார்டரோடு வாயை வைத்து, ஸலாமெல்லாம் முடித்து, ஆடு குட்டி போட்டதைச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். சிவப்பு பட்டன் அமுங்கியிருந்தது. "நிறுத்துங்கம்மா!" என்று கத்திவிட்டேன். அந்த வீட்டில் என் குரல் உயர்ந்தது அதுதான் முதல் தடவை. அந்தக் கிறீச்தான் மிஷின் படிக்கிற பாஷை. நீ செய்த ஒலியில் பாதியை ஆட்டுக்குட்டி தின்றுவிட்டது.

தலையில் கையை வைத்து உட்கார்ந்துவிட்டேன். ஜைனம்புதான் கேசட்டைத் திருப்பிப் போட்டுப் பார்த்தது. மறுபக்கமும் அதே கிறீச்! இரண்டு பக்கமும் ஒன்றையே பதிந்துவைத்த உன் புத்திக்குக் கோடி நன்றி. அந்தக் கிறீச்சைக் கேட்டுச் சந்தோஷத்தில் கண்கலங்கியவன் உலகத்தில் நான் ஒருத்தனாகத்தான் இருப்பேன்.

உன் குரல் இருந்த கேசட்டை ஜைனம்பு உள்ளறைக்கு எடுத்துப்போய்ச் சத்தத்தைக் குறைத்துவைத்துக் கேட்டது. அரைமணி நேரம் கழித்து எனக்குத் தேத்தண்ணி கொண்டுவந்து வைத்துவிட்டு, "அண்ணாச்சி, இத நீங்க கேட்டியளா?" என்றது. தப்பான கேசட் என்று தெரிந்ததுமே நிறுத்திவிட்டேன் என்று பொய் சொன்னேன். அது டம்ளரை என் பக்கம் நகர்த்தி வைத்தது. பிறகு, "நீங்க கேட்டிருந்தா நல்லாருந்திருக்கும்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டது. அந்த ஒரு வார்த்தையால்தான் இதை எழுதத் துணிந்தேன். என்மேல் கோபம் வந்தால் என்னைத் திட்டு, ஜைனம்புவை ஒன்றும் சொல்லாதே.

மறுநாள் மிஷினைப் பேட்டைக்கு ஞானையா அண்ணாச்சியின் ஆம்பிளிஃபயர் பட்டறைக்குக் கொண்டுபோனேன். அவர் பேட்டரி மாற்றி, புது ஒலி ஏறவிடாமல் தடுக்கிற பின்பக்கத்துப் பொடி சுவிட்சைத் தள்ளிவிட்டு, டேப்பின் சத்தத்தை இம்மி இம்மியாகக் கூட்டிக் குறைத்து, ஐந்தாம் தடவையில் படிக்க வைத்தார். கட்டையில் விரல் வைத்தேன். பட்டறையில் சால்டரிங் வைத்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் எழுந்து வந்துவிட்டார்கள். உன் காயல் கடல், உன் சாரல், நாதஸ்வரம் மாதிரி வளைகிற அந்த எண்பத்தேழாம் நம்பர். பிறகு முக்கூடலில் ஒரு கல்யாணத்தில் அந்த எண்பத்தேழை வாசித்தபோது, பந்தியில் இருந்தவர்கள் கையைக் கழுவாமல் வந்து நின்று பார்த்தார்கள். பீடிக் கம்பெனி மேனேஜரும் அங்கே வந்திருந்தார். வேலைக்கு ஏன் வரவில்லை என்று கேட்க வந்தவர், கேட்காமலே போய்விட்டார்.

இப்போது நான் சொல்ல வந்ததைச் சொல்கிறேன். நீ அனுப்பிய பட்டியலில் ஒவ்வொரு ஒலிக்கும் நேரே தேதி போட்டிருக்கிறாய். போன நோன்புக்குப் பிந்திய தேதியில் முப்பத்தாறு இருக்கின்றன. எண்பத்தேழும் அதில் ஒன்று. பட்டியலைக் காட்டாமல் ஞானையா அண்ணாச்சியை எல்லாவற்றையும் கேட்க வைத்தேன். எது இரண்டு காதில் செய்தது, எது ஒரு காதில் செய்தது என்று அவருக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. இந்த மிஷின் உனக்கு எதற்கு என்று ஜைனம்புவிடம் கேட்டாயே, இதற்குத்தான். ஸ்டீரியோவில் இடது வலது பிரித்துக் கேட்கிறவர்கள் துபாயில் இருக்கட்டும். நம் ஊர்க் கோயில் கொடையில் புளியமரத்தில் கட்டுகிற குழாய் ஸ்பீக்கர் எல்லாவற்றையும் ஒரே வாயால்தான் கொட்டுகிறது. எத்தனை காது வைத்துக் கேட்டாலும் அதில் ஒன்றுதான்.

தென்காசியிலும் கோவில்பட்டியிலும் குழுவுக்குக் குழு கீபோர்டு வாங்கிவிட்டார்கள். உள்ளே ஜப்பான்காரன் போட்டுவிட்ட ஒலியையே எல்லோரும் வாசிக்கிறார்கள். நம் உடுக்கையும் நம் மழையும் வேண்டுமென்றால் செய்துகொடுக்க ஆள் இல்லை. அதற்கென்றே பட்டறையில் ஒரு மேஜை போட ஞானையா அண்ணாச்சி இடம் ஒதுக்கிவிட்டார். "மைதீன வரச் சொல்லும்வே, மத்தத இங்கன பாத்துக்கிடலாம்" என்கிறார். ஜெனரேட்டர் ரூமில் இன்னும் இரண்டு வருஷம் நின்றால் மிஞ்சியிருக்கிற காதும் என்ன ஆகும்? நீ கொடுத்தது தானம் என்றால் எனக்கு வேண்டாம். நீ வரும்வரைக்கும் பார்த்துக்கொள்ள என்னிடம் கொடுத்தது என்றால், தலைமேல் வைத்துப் பார்த்துக்கொள்கிறேன்.

கையெழுத்துப் போடாதே, மைதீன். அல்லாஹ் உன்னைச் சுகமாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும், நெல்லையப்பரிடமும் சொல்லி வைத்திருக்கிறேன். மேடையில் எப்போதும் உனக்கு இடது பக்கம்தான் நான் நிற்பேன். இனி வலது பக்கம் நிற்கிறேன். அந்தப் பக்கமிருந்து யார் கூப்பிட்டாலும் நான் உனக்குச் சொல்கிறேன்.

உன் வரவை எதிர்பார்க்கும்,
ஆவுடைநாயகம்