தண்ணீருக்குள் நோகாத முழங்கால்

சல்லி,
ஞாயிற்றுக்கிழமை.

அன்புள்ள மகள் தேனுகாவுக்கு,

அம்மா எழுதுவது. முத்துமாரியம்மன் காவலில் நான் சுகம், ஆடு இரண்டும் சுகம், உன் அப்பாவின் வாயும் நல்ல சுகம், அவருடைய முழங்கால் மட்டும்தான் சுகமில்லை. மெல்பேர்ன் குளிருக்குள் நீயும் மருமகனும் சுகமாய் இருக்கவேண்டும் என்று அம்மனைக் கேட்டுக்கொண்டு எழுதுகிறேன். எழுத்தைப் பார்த்துச் சிரிக்காதே, ஐந்தாம் வகுப்போடு நின்றவளின் எழுத்து நண்டு நடந்த மாதிரித்தான் இருக்கும். போனில் இதைக் கதைக்க ஏலாது, அப்பா பக்கத்தில் வந்து குந்திக்கொண்டு எல்லாம் நல்லம், எல்லாம் நல்லம் என்பார். நல்லமில்லை பிள்ளை.

கடலட்டை பிடிக்கக் கடலடிக்குச் சுழியோடின காலத்து நோ என்று தைலம் பூசிக்கொண்டு இருந்தோமே, போன மாதம் படம் எடுத்துப் பார்த்த டொக்டர், இது எலும்புக்குள் காற்றுப் போய் அரித்த வருத்தம், இனிமேல் சிலிண்டர் கட்டி இறங்கினால் ஒருநாள் இடுப்புக்குக் கீழே உணர்வில்லாமல் போகும் என்று நேரே சொல்லிவிட்டார். உன் அப்பா ஓம் டொக்டர், ஓம் டொக்டர் என்று புதுமாப்பிள்ளை மாதிரித் தலையை ஆட்டிவிட்டு வந்து, மூன்றாம் நாளே, தன்னிடம் தொழில் பழகின முனாப்பின் போட்டில் வெள்ளைக்காரருக்குச் சுறா காட்டப் போய்விட்டார். சுறா ஆழக்கடலிலும் இல்லை, கரையில் நின்று கூப்பிட்டால் கேட்கிற தூரத்துப் பவளப்பாரில்தான் காலையில் சுற்றுமாம். எந்தக் கல்லுக்குப் பின்னால் எது படுத்திருக்கும் என்று இவருக்குத்தான் தெரியுமாம். வீட்டில் தான் உடுக்கிற சாரம் எங்கே கிடக்கிறது என்று மட்டும் தெரியாது.

ஏன் போகிறீர்கள் என்று ஏசினால், கரையில தானடி நோகுது, பத்துப் பாகம் ஆழத்துக்குக் கீழ போனால் நோ கழண்டு போகுது, அங்க எனக்கு இருபது வயசு என்கிறார். அது உண்மைதான் போல. ஆனால் ஏறி வந்தபின் முன்னையிலும் கூட நோகும், அந்த நோவைத் தீர்க்க மறுநாளும் இறங்கவேண்டும்.

வெள்ளிக்கிழமை நானும் போட்டில் ஏறிவிட்டேன். கலியாணம் முடித்து இருபத்தெட்டு வருசத்தில் முதல் தடவை. அவருடைய சிலிண்டரின் மேல் குந்தி இருந்து, என்னையும் சேர்த்துக் கட்டிக்கொண்டு இறங்குங்கோ, சுறாவுக்குக் கொழுத்த தீன் என்றேன். வெள்ளைக்காரப் பிள்ளைகள் விளங்காமலே சிரித்தார்கள், அவர் சிரிக்கவில்லை. கால் நடுங்க நடுங்க விளிம்பைப் பிடித்துக்கொண்டு, கோணேஸ், ஒருக்கா விடு, தாங்கேலாமல் கிடக்கு என்றார். அந்த முகத்தை நான் ஒருநாளும் கண்டதில்லை. எழும்பிவிட்டேன். விரல் இறுகி அவருக்குச் சிலிண்டர்ப் பட்டி பூட்ட ஏலவில்லை, நான்தான் பூட்டிவிட்டேன். டொக்டர் சொன்னதைப் பக்கத்தில் இருந்து கேட்டவள், என் கையாலேயே பூட்டி இறக்கிவிட்டேன் பிள்ளை.

முக்கால் மணித்தியாலம் மேலே வந்த குமிழியையே பார்த்துக்கொண்டு இருந்தேன். ஏழு சுறா என்று விரலைக் காட்டிச் சிரித்துக்கொண்டு வந்தார். பின்னேரம் கிணற்றடிக்குப் போக என் தோளைப் பிடிக்கவேண்டி இருந்தது.

முனாப்பிடம் போய் அழுதேன். அக்கா, எனக்குக் கடலைக் காட்டித் தந்த மனுசன், முகத்துக்கு நேரே வராதைங்கோ எண்டு சொல்ல ஏலாது, ஆனால் ஏழு மணிக்கு வராட்டி நிக்கமாட்டன், மற்ற ஆளை இறக்குவன், அவ்வளவுதான் என்னால ஏலும் என்றான்.

நீ அவரை ஏசாதே, ஏசினால் உனக்கு ஓம் சொல்லிவிட்டுப் போவார். மருமகனை ஈரத்தலையோடு வெளியில் விடாதே. இரண்டு பேரும் கையும் காலும் சுகமாய், நீண்டநாள் ஒன்றாய் நடந்து திரிய அம்மன் அருள்வாள்.

ஒன்றை மறந்துவிடாதே. நாளும் காலை ஆறே முக்காலுக்கு அப்பாவுக்குக் கோல் எடு, உனக்கு அங்கே பதினொன்றேகால், வேலை நேரம் என்று தெரியும், எப்படியாவது எடு. உன் சத்தம் கேட்டால் அவர் வைக்கமாட்டார். சுறாவைப் பற்றியே கேள், எத்தனை, எந்தக் கல், எவ்வளவு நீளம் என்று கேட்டுக்கொண்டே இரு. போட் போனதும் நான் பின்னால் நின்று இருமுவேன். அதற்குப் பிறகு வை.

உன் வாயாடி அம்மா,
கோணேஸ்வரி