கடை ஆணியில் தொங்கிய நீலப் பாவாடை

786

கல்முனைக்குடி
06.08.1982

அன்பு மகள் முனவ்வறாவுக்கு வாப்பா எழுதுவது, அஸ்ஸலாமு அலைக்கும். வல்ல அல்லாஹ்வின் கிருபையால் இங்கே நானும் உன் உம்மாவும் தங்கச்சி ஹாஜறாவும் சுகம். அங்கே நைஜீரியாவில் நீயும் மருமகன் காலிதீனும் பேரப்பிள்ளைகளும் நோய்நொடி இல்லாமல், வயிறு நிறையத் தின்று கண் நிறைய உறங்க வேண்டும் என்று ஒவ்வொரு தொழுகையிலும் துஆக் கேட்கிறோம். அதில் வயிறு நிறைகிற பாதியை அல்லாஹ் ஏற்றுக் கபூலாக்கிவிட்டான் என்று இப்போதுதான் தெரிய வந்தது, அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

இனி வழக்குக்கு வருகிறேன், குற்றவாளி நீதான். போன கடிதத்தில், பெருநாளைக்கென்று நான் அனுப்பிய பாவாடை அளவெடுத்துத் தைத்தது போல இருக்கிறது வாப்பா என்று எழுதியிருந்தாய். அந்த வரியைக் கடைக்குக் கொண்டுபோய் வருகிறவன் போகிறவனுக்கெல்லாம் வாசித்துக் காட்டினேன், பொத்தான் வாங்க வந்தவனைக்கூட விடவில்லை. மகள், அந்தப் பொய் கடல் தாண்டித் திரும்பி வந்து இப்போது என் வெட்டு மேசையில் ஏறிக் குந்தியிருக்கிறது.

ஊர் நிலைமை உனக்குத் தெரியும்தானே, சவூதிக்குப் போனவர்கள் அனுப்புகிற நைலோன் துணியால் இந்தக் கரை முழுக்கப் பளபளக்கிறது. ஹாஜறாவும் நைலோனில் மேக்ஸி ஒன்று தைப்பித்துக்கொண்டாள், அடுப்புப் பொறி பட்டால் உருகி ஒட்டிவிடும் என்று உம்மா அவளைக் குசினிக்குள் விடுவதில்லை, அவளுக்கு வேண்டியதும் அதுதான். பெடியன்கள் களிசானை இறுக்கி இறுக்கித் தைக்கச் சொல்கிறார்கள், குந்தினால் கிழிகிறது, கிழிந்தால் என்னிடமே வருகிறது, அதனால் நான் குறை சொல்ல மாட்டேன். இதற்குள் நீ ஒருத்திதான், அங்கே போன முதல் வருடமே, இந்தப் புழுதியில் சாரி கட்டிப் படிப்பிக்கப் போக ஏலாது வாப்பா, சின்ன வயதில் தைத்துத் தந்த மாதிரி கணுக்கால் வரைக்கும் பாவாடை, கீழே இரண்டு அடுக்குச் சுருக்கு, பஃப் கை வைத்த சட்டை, கழுத்தோரத்துக்குப் பின்னல் றேந்தை, அப்படித் தைத்து அனுப்புங்கள் என்று எழுதினாய். அந்தக் கடிதம் வந்த நாள் கடையில் நின்ற எல்லாருக்கும் தேத்தண்ணி வாங்கிக் கொடுத்தேன். அன்றைக்கே நீ விட்டுப்போன நீலச் சீத்தைப் பருத்திப் பாவாடையை எடுத்துக் கடை ஆணியில் மாட்டினேன், அதுதான் உன் அளவு. எழுபத்தெட்டுச் சூறாவளியில் கடைக் கூரைத் தகரம் பறந்துபோய் வயலில் விழுந்தது, பாவாடை ஆணியை விட்டு அசையவில்லை. உம்மா மட்டும், ரெண்டு புள்ள பெத்தவள், நாடா வெச்சுத் தையுங்க, கூடக் குறைய முடிஞ்சுக்குவாள் எண்டு ஒவ்வொரு வருடமும் சொன்னாள். நாடா உள்பாவாடைக்கு, ஒரு டீச்சர் உடுக்கிற பாவாடைக்குப் பட்டியும் கொளுக்கியும்தான் என்று நான் அவள் வாயை அடைத்துவிட்டேன். நீயும் பொருந்துகிறது பொருந்துகிறது என்றே எழுதினாய். அனுப்புகிற படங்களில் மட்டும் ஒரு தடவை கதிரைக்குப் பின்னால் நின்றாய், ஒரு தடவை மருமகனுக்குப் பின்னால் நின்றாய், போன தடவை ஒரு மோட்டார் காருக்குப் பின்னால் நின்றாய். என் மகளுக்கு எவ்வளவு அடக்கம் என்று நான் மகிழ்ந்துபோனேன்.

இப்படி இருக்கையில்தான் உங்களோடு அங்கே படிப்பிக்கிற றவூப் மாஸ்டர் லீவில் வந்து, உம்மாவுக்கு நீ கொடுத்தனுப்பிய சால்வையைக் கடையில் கொண்டுவந்து தந்தார். நல்ல மனிதர். போகிற நேரம் கக்கத்திலிருந்த கடதாசிப் பார்சலை மேசையில் வைத்து, அண்ணன் முறையில் காக்கா என்று கூப்பிட்டு, எண்ட பொஞ்சாதிக்கு ரெண்டு பாவாடை தைக்கணும், அளவுக்கு இது இரிக்கி, அப்பிடியே வரணும் எண்டார். பொஞ்சாதி அக்கரைப்பற்று டெய்லரிடம்தான் கொடுக்கச் சொன்னாளாம், தெரிந்த மனிதர் இருக்கையில் வேறு ஆளிடம் கொடுப்பதா என்று பெரிய மனது பண்ணி என்னிடம் கொண்டுவந்திருக்கிறார். நம் பக்கத்து வழக்கம் உனக்குத் தெரியாததல்ல, ஊர்ப் பெண்கள் மேல் நாங்கள் அளவு நாடா வைப்பதில்லை, அளவுக்கென்று ஒரு பழைய உடுப்பு வரும், அதை விரித்து வைத்து வெட்டுவோம். அவர் போன பிறகு பார்சலைப் பிரித்தேன். வெளுத்துப் பூவெல்லாம் மங்கிய ஒரு பாவாடை. தையல் நன்றாக இருக்கிறதே, நமக்குப் போட்டியாக இவன் யார் என்று பட்டியைப் புரட்டினால் உள்ளே மூன்று சிவப்புத் தையல். நீயும் ஹாஜறாவும் இங்கே ஒன்றாக இருந்த காலத்தில் இரண்டு பேருக்கும் ஒரே துணியில் தைப்பேன், கொடியில் காய்வதை இது என்னுடையது அது உன்னுடையது என்று பிடித்து இழுத்துச் சண்டை போடுவீர்கள், அதனால் உனக்கு மூன்று சிவப்புத் தையல் அவளுக்கு இரண்டு என்று நான்தான் வைத்துக் கொடுத்தேன், அங்கே அனுப்புகிறவற்றிலும் விடாமல் வைக்கிறேன். உலகத்தில் வேறு எவளுடைய பாவாடையிலும் அது இல்லை.

மகள், உள்ளதைச் சொல்கிறேன், கையிலிருந்த கத்தரியைக் கீழே வைத்துவிட்டேன். இந்தப் பழங்காலத்துப் பாவாடை அங்கே உனக்கு வெட்கமாகப் போய், வாப்பாவின் மனம் நோகக் கூடாது என்று வாயை மூடிக்கொண்டு எடுத்துக் கொடுத்துவிட்டாயாக்கும் என்று நினைத்தேன். வீட்டுக்கு வந்து சொன்னால் உம்மா வேறு ஒன்றைப் பிடித்துக்கொண்டாள், எண்ட புள்ள அங்க தின்னாமக் குடியாம நூலா மெலிஞ்சு போச்சு, அதான் பாவாட நிக்குதில்ல எண்டு அழுது, அன்றைக்கு அவளும் தின்னவில்லை, அடுப்பும் எரியவில்லை. மறுநாள் மாஸ்டரைக் கூப்பிட்டு, தம்பி, மகளுடைய உடம்பு எப்படி, மெலிவா பருமனா என்று கேட்டேன். மனிதர் வியர்த்துப் போனார். காக்கா, அந்நியப் பொம்புளைகள நிமிந்து பாக்கிற பழக்கம் எனக்கில்ல, டீச்சர்ர செருப்பு கறுப்பு, அதுக்கு மேல எனக்குத் தெரியா எண்டார். இவ்வளவு நல்ல பிள்ளையை வைத்துக்கொண்டு ஒரு தகப்பன் என்ன செய்வது!

உம்மா பொறுக்கவில்லை. ஹாஜறாவையும் இழுத்துக்கொண்டு பஸ் ஏறிப் பாலமுனைக்குப் போய், தாய் வீட்டில் நின்ற மாஸ்டரின் மனைவி நபீஸாவைப் பிடித்துவிட்டாள். அளவுப் பாவாடை யார் கைக்குப் போயிருக்கிறது என்று தெரிந்ததும் அந்தப் பிள்ளை முதலில் தலையில் கைவைத்து, பிறகு புருஷனை ஏசி, பிறகு எல்லாவற்றையும் சொல்லிவிட்டதாம். மஃரிபுத் தொழுகை நேரத்துக்குத் திரும்பி வந்த உம்மா கடப்படி வாசலிலிருந்தே சிரித்துக்கொண்டு வந்தாள். புள்ள நல்லாத் தின்னுது, எண்ட அளவுக்கே வந்துட்டாள் எண்ட மகள் எண்டு என்னவோ நீ இன்னொரு சோதினை பாஸ் பண்ணின மாதிரிச் சொன்னாள். உம்மாவின் அளவு உனக்கும் தெரியும் எனக்கும் தெரியும், இதற்கு மேல் எழுதினால் இந்த வீட்டில் எனக்குச் சோறு கிடைக்காது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்த கதை என்பார்களே, அதை நீ வருடக்கணக்காகச் செய்திருக்கிறாய். பூசணிக்காய் என்ற சொல்லை வெட்டச் சொல்லி உம்மா பக்கத்தில் நிற்கிறாள், பழமொழியை எப்படி வெட்டுவது?

நபீஸா இன்னும் சொன்னாளாம். பார்சல் வந்த அன்றே உடுத்திப் பார்ப்பாயாம், பட்டியின் இரண்டு முனையும் முட்டாதாம். கட்டிலில் விரித்து வைத்துச் சுருக்கைத் தடவித் தடவிப் பார்த்துவிட்டு, நீயாவது உடு, நான் கண்ணால பாத்துக்கிறன் எண்டு அவளிடம் கொடுத்துவிடுவாயாம். பிறகு அதையே இரவல் வாங்கி, பார்த்துப் பார்த்து, அங்கத்துத் துணியில் உன் அளவுக்கு நீயே கையால் தைத்து, பள்ளிக்கூடத்துக்கும் அதுதானாம், சந்தைக்கும் அதுதானாம், வீட்டில் சோறு ஆக்குவதும் அதோடுதானாம். அங்கத்துப் பெண்கள் இது யார் தைத்தது என்று கேட்டால், எங்கட வாப்பா என்பாயாம். அதைக் கேட்டு அழுதேன் என்று எழுத எனக்கு வெட்கமில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு தையல் எப்படியாம் என்று கேட்டேன். சுருக்கு ஒரு பக்கம் குவிந்தும் மறுபக்கம் இல்லாமலும் இருக்குமாம், கீழ் ஓரம் கோணலாம். யா அல்லாஹ், இந்த ஊரில் இத்தனை காலம் கட்டிக் காத்த பெயரை ஒரு கண்டம் முழுக்கக் கெடுத்துவைத்திருக்கிறாயே!

ஏன் மறைத்தாய் என்று கேட்க மாட்டேன். ஆணியில் தொங்குகிற பாவாடையைப் பற்றி நான் பெருமை பெருமையாக எழுதினேன், அந்த மனிதனிடம் இதை எப்படிச் சொல்வது என்று நீ யோசித்திருப்பாய். மகள், நான் தைப்பது உனக்கு, ஆணிக்கல்ல. நீ மெலிந்தாலும் பருத்தாலும் துணி கடையில் இருக்கிறது. இந்தக் கடிதத்துக்குள் கொஞ்சம் சிவப்பு நூல் சுற்றி வைத்திருக்கிறேன், அந்த மூன்று தையல் போட்ட அதே நூல். இடுப்பைச் சுற்றிப் பிடித்து ஒரு துண்டு அறு, இடுப்பிலிருந்து கணுக்கால் வரைக்கும் ஒரு துண்டு அறு, இடுப்பு நூலுக்கு ஒரு முடிச்சுப் போட்டு அனுப்பு. அங்குலம் ஒன்றும் எழுத வேண்டாம், தபால்காரனுக்கும் தெரியாது, மருமகனுக்கும் தெரியாது, ஹாஜறா கடிதத்தைப் பிரித்து வாசித்தாலும் நூலைப் பார்த்து அவளுக்கு ஒன்றும் விளங்காது. துணி மருதமுனைக் கைத்தறி, நீலம்தான், உம்மா தொட்டுப் பார்த்து எடுத்தது. உள்ளே நாலு விரல் துணி விட்டுத் தைக்கிறேன். நூல் நேரத்துக்கு வந்தால் றவூப் மாஸ்டர் திரும்பிப் போகும்போது அவர் கையிலேயே கொடுத்தனுப்புவேன், அவர் பார்சலைக்கூட நிமிர்ந்து பார்க்க மாட்டார். நபீஸாவுக்கு இரண்டு பாவாடையும் தைத்துக் கொடுத்தாயிற்று, அளவுப் பாவாடையையும் திருப்பிக் கொடுத்துவிட்டேன், சிவப்புத் தையல் மூன்றையும் பிரித்து எடுத்துவிட்டுத்தான் கொடுத்தேன், அது உன்னுடையது.

நீலப் பாவாடையை ஆணியிலிருந்து இறக்கினேன். ஹாஜறா விளையாட்டாக உடுத்திப் பார்த்தவள், மேக்ஸியைவிடக் காற்றோட்டமாக இருக்கிறது என்று இப்போது கழற்றுகிறாள் இல்லை, சுற்றிச் சுற்றி நடக்கிறாள். பருத்தித் துணி பொறிக்கு உருகாது என்று உம்மா அன்றைக்கே அவளைக் குசினிக்குள் அனுப்பிவிட்டாள். உன் வீட்டுப் பின்பக்கத்து ஓடு மாற்றியாயிற்று, மருமகனின் வயலில் வெட்டும் முடிந்தது, விளைச்சல் மோசமில்லை என்று அவருக்குச் சொல்லு, என் சலாமையும் சொல்லு. பேரப்பிள்ளைகளை வெயிலில் ஓட விடாதே. அடுத்த படத்துக்குக் காருக்கு முன்னால் நில். உங்கள் எல்லாருடைய ஆயுளிலும் உணவிலும் அல்லாஹ் பரக்கத்துச் செய்வானாக, ஆமீன்.

ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. நூலைச் சுற்றும்போது மூச்சைப் பிடித்து வயிற்றை எக்காதே. சின்னப் பிள்ளையில் பெருநாள் உடுப்புக்கு அளவெடுக்கும்போதெல்லாம் நீ அப்படித்தான் நிற்பாய், நான் தெரியாதவன் போல இரண்டு விரல் கூட்டி வெட்டுவேன். இப்போது பார்த்துக் கூட்ட நான் பக்கத்தில் இல்லை. நன்றாக மூச்சு விட்டுக்கொண்டு அளந்து அனுப்பு மகள், ஆணி வெறுமையாக இருக்கிறது.

உன் நூலைப் பார்த்திருக்கும் வாப்பா,
சீனிமுகம்மது டெய்லர்