டிரம்மில் மிச்சமிருந்த கயிறு

என் வாலுப் பெண்ணுக்கு அம்மா எழுதுவது. இங்கே நான் சுகம். அப்பாவும் அவருடைய முழங்காலும் ஒருமாதிரி சமாதானமாகப் போய்க்கொண்டிருக்கிறார்கள். நீயும் மாப்பிள்ளையும் வேளைக்குச் சாப்பிட்டு, குளிருக்குக் காதை மூடிக்கொண்டு நன்றாக இருக்க வேண்டும். போனில் சொல்லாமல் எதற்குக் கடிதம் என்று கேட்பாய். உன் அப்பாதான் ஸ்பீக்கரைப் போட்டுக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்துவிடுகிறாரே, நான் எங்கே வாயைத் திறப்பது.

சீக்கிரமே உனக்கு ஒரு உறை வரும். நம் வீட்டை விற்பதற்கான பத்திரம் அதில் இருக்கிறது. வீடு அப்பா பெயரிலும் உன் பெயரிலும் இருப்பதால் உன் கையெழுத்தும் வேண்டும். பதறாதே, முழுக்கப் படி. நாம் கொஞ்சம் பங்கு வாங்கி வைத்திருக்கிறோமே அந்தச் செம்புச் சுரங்கக் கம்பெனி, அதன் ஆபீஸ் லிப்டு மக்கர் பண்ணியதால் அப்பாவைக் கூப்பிட்டிருந்தார்கள். ஓய்வு பெற்றாலும் லிப்டு என்றால் இவருக்குக் கால் வலி பறந்துவிடும், தெரியும்தானே. போன இடத்தில் சுரங்கத்துக்குள் ஆட்களை இறக்கும் கூண்டையும், அதன் கம்பிக் கயிறு சுற்றியிருக்கிற பெரிய டிரம்மையும் எட்டிப் பார்த்திருக்கிறார். கூண்டு அடிமட்டத்துக்குப் போய் நின்ற பிறகும் டிரம்மில் சுற்றுச் சுற்றாகக் கயிறு மிச்சம் இருந்ததாம். அவ்வளவுதான், வீட்டுக்கு வந்ததும் ஆரம்பித்துவிட்டார். "லிப்டுக்குக் கயிறு அளந்துதான் வெட்டுவோம், சும்மா ஒரு முழம்கூட எவனும் வாங்க மாட்டான். இவ்ளோ மிச்சம் வெச்சிருக்கான்னா இன்னும் ஆழமாத் தோண்டப் போறான். விஷயம் வெளிய தெரியறதுக்குள்ள வாங்கிப் போட்டா பங்கு மூணு மடங்காகும்" என்று ஒரே பாட்டு. வீட்டை விற்று எல்லாவற்றையும் அதில் போட்டுவிட்டு வாடகைக்குப் போகலாம் என்றார். நான் கத்தாத கத்தல் இல்லை. ஒரு நாள் நான் கடைக்குப் போயிருந்த நேரத்தில் பத்திரத்தை உனக்கு அனுப்பியும் விட்டார்.

அதற்குள் பங்குதாரர்களுக்குச் சுரங்கத்தைச் சுற்றிக்காட்டுகிறோம் என்று அழைப்பு வந்தது. ஏதாவது குறை கண்டுபிடித்து இவர் வாயை அடைக்கலாம் என்றுதான் நானும் கிளம்பினேன். தலையில் தொப்பி, அதில் ஒரு விளக்கு, காலில் என் அளவுக்குப் பொருந்தாத பூட்ஸ். கூண்டு இறங்குகிறது, இறங்குகிறது, இறங்கிக்கொண்டே இருக்கிறது. காது அடைத்துப்போய்விட்டது. அடியில் போனதும் எல்லோரையும் விளக்கை அணைக்கச் சொன்னார்கள். எத்தனையோ வருஷம் எக்ஸ்ரே இருட்டறையில் படம் கழுவியவள் நான், இருட்டு எனக்குத் தெரியும் என்று நினைத்திருந்தேன். அதெல்லாம் ஒரு இருட்டே இல்லையடி. கண் திறந்திருக்கிறதா மூடியிருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துக்கொண்டேன். எங்கோ ஒரு சொட்டுத் தண்ணீர் விழுந்தது. திரும்ப விளக்கைப் போட்டதும் எதிரே பாறைச் சுவர் முழுக்கச் செம்புத் தாது மஞ்சளாக மினுமினுத்தது. யார் கண்ணிலும் படாமல் எத்தனை காலம் இப்படியே கிடந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டே பார்த்தேன். குறை கண்டுபிடிக்க வந்ததே மறந்து போயிற்று.

மேலே வந்ததும் அப்பா நேராகக் கூண்டை இயக்குகிற அறைக்குப் போனார். உள்ளே உன் வயதுப் பெண் ஒருத்தி. "இன்னும் எவ்ளோ ஆழம் போகப் போறீங்க, எங்கிட்ட மட்டும் சொல்லும்மா" என்று குழைந்தார். அவள் சிரித்துவிட்டாள். "ஆழம் இதேதான் சார். கூண்டு மாட்டியிருக்கற நுனிதான் சீக்கிரம் தேயும். அதனால சில மாசத்துக்கு ஒருதரம் நுனியை வெட்டி, அது அறுந்து போறவரைக்கும் இழுத்து சோதிப்போம். வெட்ட வெட்டக் குறையும்ல, அதுக்குத்தான் மிச்சம்" என்றாள். மூன்று மடங்கு அந்த இடத்திலேயே காற்றாய்ப் போயிற்று. இவர் உடைந்துவிடுவார் என்று பயந்தேன். இவரோ வெட்டிய துண்டு ஒன்றைக் கேட்டு, நீ பிறந்தபோது உன்னை முதன்முதலில் கையில் வாங்கிய மாதிரி இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். ஒவ்வொரு கம்பியாகத் தடவினார். பஸ்ஸில் அந்தத் துண்டை மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தார். பிறகு, "அத்தனை பேர் உயிர் அதுல தொங்குது. அவங்களே மிச்சம் வெச்சுக்கிட்டுத்தான் இறங்கறாங்க. நான் வீட்டை வித்துட்டு இறங்கப் பாத்தேனே" என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

ஆனால் கையெழுத்து வேண்டாம் என்று உன்னிடம் சொல்ல அவருக்குக் கூச்சம். அதனால் உறை வந்தால் கையெழுத்துப் போடாமல் அப்படியே வைத்துவிடு. அவர் கேட்டால் யோசிக்கிறேன் என்று மட்டும் சொல். கிண்டல் பண்ணாதே. ஏற்கெனவே வாங்கிய பங்கு இருக்கட்டும். ஏறுமா இறங்குமா தெரியாது, அந்தச் சுவரைப் பார்த்த பிறகு அதில் நமக்கும் ஒரு துளி இருக்கிறது என்பதே எனக்குப் போதும். நீங்கள் இருவரும் எல்லா நலமும் பெற்று நிறைவாக வாழ வேண்டும். காதை மூடிக்கொள், மறக்காதே.

உன்னையே நினைத்துக்கொண்டிருக்கும்
அம்மா

இந்தக் கடிதத்தின் உறையை ஒட்டுவதற்கு முன் படித்துவிட்டேன். அம்மா சொன்னபடி செய், கையெழுத்துப் போடாதே. விளக்கை அணைத்தபோது அவள் என் கையைப் பிடித்தவள், மேலே வந்து சேரும்வரை விடவில்லை. அதை மட்டும் எழுதாமல் விட்டிருக்கிறாள்.
அப்பா