கடைசி வரிசையில் ஒரு காலிக் கட்டம்

அன்புள்ள பொடிசுக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் இங்கே நலம், நீயும் மாப்பிள்ளையும் அங்கே நலமாக இருக்க வேண்டும். இந்த வரியைப் போன வாரம் எழுதியிருந்தால் பாதி பொய்யாகியிருக்கும், அதனால்தான் எழுதாமல் இருந்தேன். போனில் சொல்லலாமே என்று கேட்பாய். போனில் கம்ப்யூட்டர் பேச்சை எடுத்தாலே என் குரல் ஏறுகிறது, உடனே உன் குரலும் ஏறுகிறது, நடுவில் அம்மா தன் சொற்பலகையில் "போதும்" கட்டத்தை அழுத்துகிறாள், நீ அங்கே சிரிக்கிறாய், நான் இங்கே போனை வைத்துவிடுகிறேன். கடிதத்தில் குறுக்கே பேச ஆள் கிடையாது. மத்தியானம் அம்மா கண் அயர்ந்த நேரத்தில் அவளுடைய கம்ப்யூட்டரிலேயே உட்கார்ந்து தட்டுகிறேன், சத்தம் வராமல் மெதுவாக.

புது சிஸ்டத்துக்கு மாறச் சொல்லி நீ எத்தனை மாதமாகச் சொல்கிறாய் என்பது எனக்கு மறக்கவில்லை. பழைய சிஸ்டத்துக்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் நிற்கப் போகின்றன, அதற்கப்புறம் இணையத்தில் இருப்பது கதவைத் திறந்துபோட்டுத் தூங்குகிற மாதிரி என்று நீ சொன்னது எனக்குப் புரியாமல் இல்லை. நானும் நாலு எழுத்து படித்தவன்தான். தினமும் சாயங்காலம் திரையில் அந்த அறிவிப்பு வந்து நிற்கும், "இப்போது", "பிறகு" என்று இரண்டு பொத்தான்களோடு. நான் "பிறகு" என்பதை அழுத்திவிட்டுப் போய்க்கொண்டிருந்தேன். பிடிவாதம் என்று நீ நினைத்தாய். என் பயம் வேறு. அம்மாவுக்குப் பக்கவாதம் வந்து பேச்சு நின்றபோது கல்லூரிக் கடைசி வருடத்தில் இருந்த நீ ராத்திரி பகல் பார்க்காமல் எழுதினாயே அந்தச் சொற்பலகை, கட்டத்தைத் தொட்டால் உன் குரலில் ஒரு சொல் வருமே, அது பழைய சிஸ்டத்துக்காகச் செய்தது. புதியதில் ஓடுமா என்று உன்னையே கேட்டேன். "ஓடும்னுதான் நினைக்கிறேன்ப்பா, ஓடலேன்னா புதுசா எழுதித் தரேன், புதுசுல போட்டா இங்கேருந்தே என்ன வார்த்தை வேணும்னாலும் சேத்து அனுப்பிடுவேன்" என்றாய். நினைக்கிறேன் என்று ஒரு சொல் போட்டாய் பார், அதிலேயே நான் நின்றுவிட்டேன். அவளுடைய வாயை ஒரு "நினைக்கிறேன்" மேல் வைக்க எனக்குத் துணிவில்லை. இன்னொன்றும் உண்டு, அதை யாரிடமும் சொன்னதில்லை. நீ உன் வாயால் பேசிப் பதிவு செய்ததால் அந்தப் பலகையில் நான் "அப்பா", உன் மாமா "மாமா". ஒன்பது வருடமாக உன் அம்மா என்னை அப்பா என்றுதான் கூப்பிடுகிறாள். "அப்பா, வாங்க" என்று முன்னறையிலிருந்து உன் குரல் வரும். பதிவு செய்த அன்றைக்கு உனக்கு ஜலதோஷம், அதனால் "தண்ணி" என்கிற ஒரு சொல் மட்டும் இன்றுவரை மூக்கடைத்துக்கொண்டே வருகிறது. கூரியர்காரர் ஒருவர் வாசலில் நின்றபடி, பொண்ணுக்கு உடம்பு சரியில்லையா சார் என்று விசாரித்தார். ஆமாம், ஒன்பது வருஷமா, என்றேன். பாவம், முகம் மாறிப் போய்விட்டது.

சிஸ்டம் மாற்றுவதைப் பற்றி எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம். வேலை பார்த்த பரிசோதனைக்கூடத்தில் நான் கண்ணால் பார்த்தது அது. புதிதாக வந்த மேனேஜர், டையை இறுக்கிக்கட்டிக்கொண்டு திரிவாரே அவர்தான், வேலை மலைபோல் கிடந்த வாரத்தில் எல்லாக் கம்ப்யூட்டரையும் ஒரே மூச்சில் மாற்றச் சொன்னார். தராசு புது சிஸ்டத்தோடு பேசுமா என்று முதலில் ஒன்றில் மட்டும் போட்டுப் பார்க்கலாம் என்றேன். அத்தனை பேர் முன்னாலும், "சார் மட்டும் இன்னும் பழைய வெர்ஷன்லயே இருக்கார், அவரை எப்படி அப்டேட் பண்றதுன்னு தெரியல" என்றார். சிரித்தார்கள். நான் வேலை சொல்லிக்கொடுத்தவர்களும் சிரித்தார்கள். திங்கட்கிழமை காலை தராசு பேசவில்லை, மாதிரிகள் வாசல்வரை வரிசையில் நின்றன, அதற்கும் காரணம் நான் ஒத்துழைக்காததுதான் என்று ஆயிற்று. அவர் இப்போது பெரிய பதவியில் இருக்கிறாராம், நான் வீட்டில் இருக்கிறேன். மறந்துவிடுங்கள் என்று நீ சொல்வாய். மறக்கிற உத்தேசம் இல்லை. ஆனால் அன்றைக்குச் சொன்னதையேதான் இன்றைக்கும் சொல்கிறேன், மாறக் கூடாது என்று நான் சொல்லவில்லை, எது நின்றுபோனால் யார் தவிப்பார்கள் என்று பார்த்துவிட்டு மாறு என்கிறேன்.

சரி, போன வாரக் கதைக்கு வருகிறேன். பல் வலி தாங்காமல் பல் டாக்டரிடம் போக வேண்டியிருந்தது. அம்மாவுக்குத் துணையாக உன் மாமாவைக் கூப்பிட்டேன். அவனைக் கூப்பிடுவது எனக்கு எவ்வளவு கசப்பு என்று உனக்குத் தெரியும். அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது முதல் வாரம் எட்டிப் பார்க்காமல் இரண்டாவது வாரம் ஆரஞ்சுப் பழத்தோடு வந்து, "ஆஸ்பத்திரியை மாத்திடலாமே அத்தான்" என்று யோசனை சொன்னவன் அவன். அந்த ஆரஞ்சு எனக்கு இன்னும் புளிக்கிறது. நான் பாதி வாய் மரத்துப் போய்த் திரும்பி வந்தால், திரையில் படமே வேறு. வழவழவென்று ஒரு ஏரி, மேலே நல்வரவு. அம்மா சக்கர நாற்காலியில் உட்கார்ந்து இடது கையால் "தண்ணி" கட்டத்தை அழுத்துகிறாள், அழுத்துகிறாள், கட்டம் நிறம் மாறுகிறது, சத்தம் வரவில்லை. ஸ்பீக்கரைத் திரும்பிப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையை ஆஸ்பத்திரியில் ஒரு தடவை பார்த்திருக்கிறேன். மறுபடி பார்க்கத் தெம்பில்லை எனக்கு. சமையலறையிலிருந்து டீ டம்ளரோடு வந்தான் உன் மாமா. மரத்த வாயோடு நான் கத்தியது பாதி அவனுக்குப் புரிந்திருக்காது, புரிந்த பாதியே போதுமானது. புதுசு புதுசுன்னு அலையுற உன் கையை வச்சுக்கிட்டு சும்மா இருக்க முடியாதா, அவ வாயில மண்ணைப் போட்டுட்டியேடா என்றேன். அம்மா தன் நெஞ்சைத் தட்டித் தட்டிக் காட்டினாள். என் பேச்சு போயிடுச்சே என்கிறாள் என்று எடுத்துக்கொண்டு இன்னும் நாலு சேர்த்துத் திட்டினேன். அவன் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "சரி அத்தான், நான்தான்னே வச்சுக்கோங்க, முதல்ல அக்காவுக்குப் பேச்சு வரட்டும்" என்றான். அதற்கும் எனக்குக் கோபம் வந்தது. தப்புச் செய்தவன் இவ்வளவு நிதானமாகப் பேசலாமா.

உன்னைக் கூப்பிடவில்லை. மாற்றச் சொல்லி நீதான் அவனுக்குச் சாவி கொடுத்தாய் என்று உன்மேலும் கோபம். போன் பண்ணியபோது அம்மா தூங்குகிறாள் என்று சொல்லி வைத்தேன். இரண்டு நாள், பொடிசு. டம்ளரில் ஸ்பூனால் தட்டி என்னைக் கூப்பிட்டாள். நான் ஓடி வந்து தண்ணியா, ஃபேனா, கால் வலிக்குதா என்று ஒவ்வொன்றாகக் கேட்பேன், அவள் இல்லை என்று தலையாட்டுவாள், எனக்கு எதுவும் சிக்காவிட்டால் விடுங்கள் என்று இடது கையை வீசிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வாள். வீட்டில் என்னை அப்பா என்று கூப்பிட ஆளில்லை. ஃபேன் ஓடுகிற சத்தம் மட்டும் இவ்வளவு பெரிதா என்று இருந்தது.

முக்குக் கடையில் கம்ப்யூட்டர் டாக்டர் என்று போர்டு மாட்டியிருக்கிறாரே, அவரைக் கூட்டிக்கொண்டு வந்தது உன் மாமாதான். நான் திட்டிய திட்டுக்குப் பிறகும் வந்தான் என்பதைக் குறித்துக்கொள், நானும் குறித்துக்கொண்டேன். டாக்டர் மெஷினைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "பயப்படாதீங்க சார், உயிர் இருக்கு" என்றார். மாறிய சில நாட்களுக்குள் பழையதற்கே திரும்பிப் போகிற வழி ஒன்று உண்டாம். திருப்பினார். நீண்ட நேரம் திரையில் ஒரு வட்டம் சுற்றியது, நாங்கள் மூன்று பேரும் அதையே பார்த்துக்கொண்டு நின்றோம், உன் மாமாவும் நானும் ஒரே திசையில் பார்த்துக்கொண்டு நின்றது எந்தக் காலத்தில் என்று எனக்கு நினைவில்லை. பலகை திறந்தது. அம்மா கையை நீட்டினாள். தண்ணி கேட்பாள் என்று நான் டம்ளரை எடுத்தேன். உன் குரல் வந்தது, தெளிவாக, நிறுத்தி நிறுத்தி. "மாமா. இல்ல. நான்." எனக்குக் காதில் சரியாக விழவில்லையோ என்று மறுபடி அழுத்தினாள். "மாமா. இல்ல. நான்." உன் மாமா சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான். நான் கிளம்பியதும் அவன் முதல் டீ போடப் போயிருந்த நேரத்தில் அறிவிப்பு வந்திருக்கிறது, உன் அம்மாவே "இப்போது" என்பதை அழுத்தியிருக்கிறாள். அதைச் சொல்ல இருந்த ஒரே வாயையும் அந்த அழுத்தலே எடுத்துக்கொண்டு போய்விட்டது.

ஏன் இப்படிப் பண்ணினே என்று கேட்டேன், கோபமாக இல்லை. "போன். வேணும்" என்றாள். போனை எடுத்துக் கொடுத்தேன். "இல்ல." சார்ஜரைக் கொடுத்தேன். "இல்ல. இல்ல. அப்பா, போங்க" என்றாள், டாக்டர் சிரித்துவிட்டார். பிறகு அவள் சுவரில் இருக்கிற உன் படத்தைக் காட்டினாள், பலகையின் கடைசி வரிசைக்குக் கையைக் கொண்டுபோனாள், அங்கே ஓரத்தில் ஒரு கட்டம் காலியாக இருக்கிறதே, அதை அழுத்தினாள். சத்தமில்லை. மறுபடி உன் படம், மறுபடி அந்தக் காலிக் கட்டம். அப்போதுதான் எனக்கு உறைத்தது. நீ எல்லோரையும் பதிவு செய்தாய், அம்மா, அப்பா, மாமா, டாக்டர், பக்கத்து வீட்டு அக்காகூட இருக்கிறாள். உன்னை விட்டுவிட்டாய். அன்றைக்கு நீ அவள் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாய், உன்னைக் கூப்பிட அவளுக்கு ஒரு சொல் தேவைப்படும் என்று உனக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை. நீ அவ்வளவு தூரம் போன பிறகு அவளாக "போன்" என்பதை உன் பெயராக வைத்துக்கொண்டிருக்கிறாள். சாயங்காலம் அவள் "போன், போன்" என்று அழுத்தும்போதெல்லாம் நான் போனை எடுத்துக் கையில் கொடுத்துவிட்டு என் வேலையைப் பார்க்கப் போயிருக்கிறேன். புதியதில் போட்டால் என்ன வார்த்தை வேண்டுமானாலும் சேர்க்கலாம் என்று நீ சொன்னபோது ஸ்பீக்கர் போட்டிருந்தது, அவள் கேட்டுக்கொண்டிருந்தாள்.

அதனால் என் முடிவு இது, இதில் என் முடிவு என்று பெரிதாக ஒன்றும் இல்லை, அவளுடையதுதான். மாறுகிறோம். ஆனால் அந்த டை கட்டிய மனிதர் மாற்றிய மாதிரி இல்லை. இந்தக் கடிதத்தை அனுப்பிய கையோடு இந்த மெஷினில் இணையத்தைப் பிடுங்கிவிடுவேன், உன் திறந்த கதவு மூடியாயிற்று. இது இப்படியே பழையபடி அவள் பக்கத்தில் இருக்கட்டும். உன் மாமா அவனிடம் சும்மா கிடக்கிற ஒரு மடிக்கணினியைத் தருகிறேன் என்கிறான், வாங்கிக்கொள்கிறேன், அதில் புதியதைப் போடுவோம். நீ புதுப் பலகையை அதில் அனுப்பு. இரண்டையும் மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் வைப்போம், அவள் கை எப்போது தானாகப் புதியதற்குப் போகிறதோ அன்றைக்குப் பழையதை அணைக்கலாம். பேசுகிறவள் அவள், நாள் குறிப்பதும் அவளாக இருக்கட்டும். பழைய குரல் கோப்புகளைப் பத்திரமாக எடுத்து வைத்திருக்கிறேன், டாக்டரும் ஒரு நகல் வைத்திருக்கிறார், புதியதில் அவற்றையே போடு. இப்போதைய உன் குரல் நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் அந்த மூக்கடைத்த தண்ணியை மாற்றாதே.

ஒரே ஒரு புதுச் சொல். அதை நீ பதிவு செய்ய வேண்டாம், உன்னை நீயே கூப்பிட்டால் நன்றாக இருக்காது. நானே சொல்லி இத்துடன் இணைத்திருக்கிறேன். நேற்று அம்மா பக்கத்தில் உட்கார்ந்து கேட்டாள். போனில் பதிவுப் பொத்தானை அழுத்திவிட்டு "பொடிசு" என்றேன். அவள் "சூடு" என்று அழுத்தினாள். என் கோபத்துக்கு அவள் வைத்திருக்கிற பெயர் அது, உனக்குத் தெரிந்ததுதானே. மறுபடி சொன்னேன். "சூடு." நான் சாதாரணமாகத்தான் சொல்கிறேன் என்றேன். "அப்பா. சூடு." எனக்கே தெரியாமல் என் குரல் இப்படி ஆகிவிட்டதா என்று சற்று நேரம் ஜன்னலைத் திறந்துவிட்டு நின்றேன். எதிர்வீட்டு மாடியில் யாரோ துணி எடுத்துக்கொண்டிருந்தார்கள். நீ பள்ளிக்கூடத்திலிருந்து வந்து செருப்பை மூலைக்கு ஒன்றாக உதறிவிட்டு ஓடுவாய், அப்போது கூப்பிடுவேனே, அதை நினைத்துக்கொண்டு சொன்னேன். இந்தத் தடவை அவள் கை "சூடு" பக்கம் போகவில்லை. பிறகு "போதும்" என்றாள். பதிவை அணைத்தேன், திரும்பிப் பார்த்தால் அவள் போனைக் காட்டுகிறாள், மறுபடி போடச் சொல்லி.

உன் மாமாவிடம் மன்னிப்புக் கேட்டேன் என்று நினைக்காதே, கேட்கவில்லை. அன்றைய திட்டை ஆரஞ்சுப் பழத்துக்கு வைத்துக்கொள்ளட்டும். ஞாயிற்றுக்கிழமை டீ குடிக்க வா என்று மட்டும் சொல்லியிருக்கிறேன். கழுத்து வலிக்கிறது என்றாயே, திரையைக் கண் மட்டத்துக்கு உயர்த்தி வை, இரண்டு தடித்த புத்தகம் போதும். மாப்பிள்ளைக்கு என் விசாரிப்பு. நீ நீண்ட காலம் சுகமாக, மனம் நிறைய இருக்க எங்கள் இருவர் ஆசீர்வாதமும். பலகை எப்போது தயாராகிறதோ அப்போது அனுப்பு, அவசரமில்லை என்று எழுதத்தான் நினைத்தேன், ஆனால் அம்மா எழுந்துவிட்டாள், திரை ஓரத்தில் தெரிகிற அந்தக் காலிக் கட்டத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். சீக்கிரம் அனுப்பு.

இப்படிக்கு,
இன்னும் பழைய வெர்ஷனிலேயே இருக்கும்
உன் அப்பா