கட்டிப்பிடித்தாலும் தெரியாத உறை

ஜூன் 5, திங்கள்

ராய்ஸ் இன்று சிறையிலிருந்து வெளியே வந்துவிட்டான். நாலு வருடம், இரண்டு மாதம். மூன்று தடவை ஃபோன் அடித்தான். எடுக்கவில்லை. பிறகு ஒரு செய்தி: 'அக்கா, நம்ம ஊருக்கு, விச்சிட்டா ஃபால்ஸ் பஸ் ஏறிட்டேன்.'

விவாகரத்தான வருடம் வாங்கிய கைத்துப்பாக்கி மேஜை டிராயரில் கிடக்கிறது. நாளையிலிருந்து அது என் உடம்பில் இருக்கும். உடம்பில் எங்கே என்பதுதான் கேள்வி.

இந்த நோட்டை யாரும் படிக்கப் போவதில்லை. உள்ளதை எழுதுகிறேன். பள்ளிச் சமையற்கூடத்தில் திருடிய ஆறு ஃப்ரீசர்களை, திருட்டுச் சரக்கு என்று தெரிந்தே விலை பேசி வாங்கியது நான். ரசீதில் கையெழுத்துப் போட்டவன் என் தம்பி ராய்ஸ். எனக்கு எதுவுமே தெரியாது என்று கோர்ட்டில் கை தூக்கிச் சத்தியம் செய்தேன். அவன் என்னையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான், ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அன்று கத்திக் கூச்சல் போட்டிருந்தால் இப்போது இவ்வளவு பயம் இருக்காது.

ஜூன் 7, புதன்

முதல் துப்பாக்கி உறை. கெட்டி பிளாஸ்டிக், பேன்ட்டுக்குள் வயிற்றுக்கு முன்னால் செருகுவது. நிற்கும்போது சொர்க்கம். உட்கார்ந்தால் அடிவயிற்றில் முனை குத்துகிறது. என் தொழிலில் நிற்கவா முடிகிறது? மூடிப்போன உணவகங்களின் சாமான்களை வாங்கி விற்க, அடுப்புக்கும் ஃப்ரீசருக்கும் அடியில் தவழ்ந்து பார்ப்பதுதான் என் தொழில்.

இன்று ஒரு பார்பெக்யூ கடை. கடைக்காரனுக்குக் கடை போச்சு, பெண்டாட்டியும் போய்விட்டாள் போல. நல்ல விலைக்கு மடக்கியிருப்பேன். ஓவனின் விவரத் தகட்டைப் படிக்கக் குனிந்தேன், சட்டை இழுத்துக்கொண்டது, துப்பாக்கி அப்படியே அச்சடித்த மாதிரி தெரிந்துவிட்டது.

“ஒரு முகமூடியும் மாட்டிட்டு வந்திருக்கலாமே, நெல்டா” என்றான். சரக்கு கிடைக்கவில்லை.

ஜூன் 10, சனி

துப்பாக்கிக் கடையில் ஃபெர்ன். பெண்கள் சிறையில் இருபத்தாறு வருடம் காவலாக இருந்தவள். எதையும் எடுத்துக் காட்டுவதற்கு முன்னால் கேட்டாள்:

“மொதல்ல சொல்லு கண்ணு. எல்லாருக்கும் தெரியக்கூடாதா, ஒருத்தருக்கா?”

“ஒருத்தருக்கு.”

“பழைய புருஷனா?”

“தம்பி.”

“கட்டிப்பிடிக்கிற ஆளா?”

“தபால்காரனைக்கூட விடமாட்டான்.”

“அப்ப இடுப்பு போச்சு. அக்குள் போச்சு. முதுகு கேக்கவே வேணாம், கை மொதல்ல அங்கதான் வந்து நிக்கும்.” கவுண்டரைச் சுற்றி வந்து என்னைக் கட்டிப்பிடித்தாள். ஒரு நொடி. “பேன்ட்டுக்குள்ள, முன்பக்கம், பிளாஸ்டிக். நூறு டாலர் தண்டம் அழுதிருக்கே.”

அவளும் இருபது உறை வாங்கித் தூக்கிப் போட்டவளாம். துப்பாக்கி வைத்திருக்கிற எல்லார் வீட்டிலும் வேண்டாத உறை ஒரு பெட்டி நிறையக் கிடக்கும் என்றாள். கணுக்கால் உறை ஒன்று வாங்கிவந்தேன்.

ஜூன் 18, ஞாயிறு

இரண்டு வாரம் கண்ணில் படாத ராய்ஸ், இன்று சர்ச் வாசலில் வந்து நின்றான். கடன் வாங்கின சட்டை. எல்லோரும் பார்க்க இரண்டு கையாலும் கட்டிக்கொண்டான். கன்னம் என் தலைமேல்.

“நெல்டாக்கா, குண்டாயிட்டே.”

“நீ பாதி ஆயிட்டே.”

கை என் முதுகில் கீழும் மேலும் போயிற்று. தேடுகிறானா? கணுக்காலுக்கு வரவில்லை. நானும் சும்மா இருக்கவில்லை. அவன் இடுப்பு, பின் பாக்கெட், அக்குள் எல்லாம் தடவிப் பார்த்துவிட்டேன். ஒன்றுமில்லை. எலும்பு.

“நாளைக்கு வேலைக்கு வரட்டாக்கா?”

வியாபாரம் மந்தம் என்றேன்.

ஜூன் 19, திங்கள்

வந்துவிட்டான். நான் சரக்கு வைக்கிற கிடங்கு, அப்பா எங்கள் இருவர் பேரிலும் எழுதிவைத்தது, பாதி அவனுடையது. எந்த வாயால் போகச் சொல்வேன்? யாரும் சொல்லாமல் துடைப்பத்தை எடுத்துக் கூட்டினான்.

ஜூன் 22, வியாழன்

கணுக்கால் உறை வேலைக்கு ஆகாது. எலும்பு கன்றிப்போய் நீலமாக இருக்கிறது. உபால்தோ (பதினோரு வருடமாக என்னோடு அடுப்பு சுமக்கிறவர், வாய் கொழுப்பு) இன்று கேட்டார்: “முதலாளியம்மா, வாத்து மாதிரி நடக்கறீங்களே, முட்டை ஏதாச்சும் போட்டீங்களா?”

ஜூன் 26, திங்கள்

வயிற்றைச் சுற்றிக் கட்டுகிற அகலமான துணிப்பட்டை. நூற்றாறு டிகிரி வெயில். சாயங்காலம் அவிழ்த்தால் வயிறு முழுக்கச் செக்கச்செவேலென்று வேர்க்குரு. துப்பாக்கி வேர்வையில் குளித்திருக்கிறது. வேண்டாத உறைப் பெட்டியில் இது மூன்றாவது.

ராய்ஸ் ஒரு பொரிக்கும் அடுப்பைச் சரிசெய்துவிட்டான், நான் பழைய இரும்புக்குப் போடவிருந்தது. பாட்டுப் பாடிக்கொண்டே வேலை செய்கிறான். எதற்குப் பாடுகிறான்? என்ன மனதில் வைத்திருக்கிறான்?

ஜூன் 30, வெள்ளி

கிடைத்துவிட்டது!

ஃபெர்ன் வரவழைத்துத் தந்தாள். பேன்ட் இடுப்புக்கும் கீழே, உள்ளாடை உயரத்தில் உட்காரும் தனிப் பட்டை. விசையை மூடுகிற கெட்டி ஓடு. ஓட்டுக்குப் பின்னால் ஒரு சின்னப் பஞ்சுத் திண்டு. அது துப்பாக்கியின் அடியை வெளியே தள்ளி, கைப்பிடியை உடம்போடு சாய்த்துவிடுகிறது. பேன்ட்டுக்கு மேலே இரண்டு விரல் பிடிக்கிற அளவுதான் தெரியும். உட்கார்ந்தேன், குனிந்தேன், பாத்திரம் கழுவும் தொட்டிக்கு அடியில் தவழ்ந்தேன். குத்தவில்லை. குண்டை எடுத்துவிட்டுக் கண்ணாடி முன் நூறு தடவை உருவிப் பழகினேன்.

கடைசிப் பரீட்சை உபால்தோ. கூப்பிட்டுக் கட்டிப்பிடித்தேன். பயந்துபோனார்.

“பதினோரு வருஷத்துல இதான் மொத தடவை. நான் சாகப்போறேனா, இல்ல வீட்டுக்கு அனுப்பறீங்களா?”

“ஏதாச்சும் உறுத்துச்சா?”

“மனசுதான்.”

ஜூலை 6, வியாழன்

உன் பாதியை எனக்கு எழுதிக்கொடு என்று ராய்ஸிடம் கேட்டேன். நல்ல விலை சொன்னேன்: முப்பத்தைந்தாயிரம். சந்தையில் அது நாற்பதாயிரம் போகும்.

அவன் யோசிக்கக்கூட இல்லை. “வேணாங்க்கா. உள்ள இருந்துட்டு வந்தவனுக்கு எவன் வேலை குடுப்பான்? இங்கன்னா துடைப்பமாச்சும் என்னுது.”

சிரித்துக்கொண்டே சொன்னான். அந்தச் சிரிப்புதான் எனக்குப் பிடிக்கவில்லை. இவன் இங்கே இருக்கிற வரைக்கும் ஒரு நாள் வாய் திறப்பான். அதுவரை தினமும் காலையில் நான் இந்தப் பட்டையைக் கட்ட வேண்டும். எத்தனை வருடம்?

ஜூலை 11, செவ்வாய்

மதியம். இரண்டு கதவு ஃப்ரீசரை மூன்று பேரும் வண்டியிலிருந்து இறக்கினோம். கட்டியிருந்த வார் அறுந்தது. அது என் பக்கம் சாய்ந்தது எனக்குத் தெரியவே இல்லை. ராய்ஸ் பாய்ந்து வந்து என் இடுப்பை வளைத்து இழுத்துப் போட்டான். இரண்டு பேரும் சிமென்ட்டில் விழுந்தோம். ஃப்ரீசர் நான் நின்ற இடத்தில் கிடந்தது.

அவன் உள்ளங்கை என் அடிவயிற்றில். துப்பாக்கி மேல்.

நெருப்பைத் தொட்டவன் மாதிரி உதறி எழுந்தான். இரண்டு கையும் தலைக்கு மேலே. யாரும் தூக்கச் சொல்லவில்லை, தானே தூக்கினான்.

“என்னக்கா இது... எனக்காகவா?”

சட்டையை இழுத்து மூடினேன்.

“தினமுமா வெச்சிருக்கே? இவ்ளோ நாளும்? ஐயோ, நான் பக்கத்துலயே நின்னிருக்கேனேக்கா! நிபந்தனையிலதான் வெளிய விட்டிருக்காங்க, துப்பாக்கி இருக்கிற இடத்துல நிக்கவே கூடாதுன்னு பரோல் ஆபீசர் மொத நாளே சொன்னாரு. யாராச்சும் போட்டுக் குடுத்தா மறுபடியும் உள்ளதான்!”

சாப்பாட்டுப் பெட்டியைக்கூட எடுக்காமல் கேட்டைத் தாண்டி ஓடினான். ரோட்டுக்கு அந்தப் பக்கம் போய்த்தான் நின்றான்.

உபால்தோ என்னை ஏற இறங்கப் பார்த்தார். “அன்னிக்கு என்னைக் கட்டிப்பிடிச்சது இதுக்குத்தானா” என்றார். அறுந்த வாரைச் சுருட்ட ஆரம்பித்தார்.

வெட்கமாக இருந்தது. இருந்தது என்று எழுதிவைக்கிறேன். கால் தப்பியது அவனால். ஒரு இரண்டு நிமிடம் இருந்திருக்கும். பிறகு அவன் கடைசியாகச் சொன்னது மறுபடி காதில் விழுந்தது.

ஜூலை 12, புதன்

ஒளித்தது தப்பு. ஒரு மாதம் வீண்.

ஜூலை 13, வியாழன்

ஃபெர்னிடம் தோல் உறை கேட்டேன். வலது இடுப்பில், பெல்ட்டுக்கு வெளியே, சட்டைக்கு மேலே.

“ஒருத்தருக்குத் தெரியக்கூடாதுன்னியே கண்ணு?”

“இப்ப அவனுக்குத் தெரியணும்.”

ஏன் என்று கேட்டாள். சொன்னேன். பரோல் விஷயத்தையும் சொன்னேன். சிறையில் காவல் இருந்தவளுக்கு விளக்கமா வேண்டும்? பில் போட்டாள், மீதிச் சில்லறையைக் கையில் தராமல் கவுண்டர்மேல் வைத்தாள்.

“வேற ஏதாச்சும் வேணுமா, மேடம்?”

ஜூலை 14, வெள்ளி

காலை எட்டு மணிக்கு ராய்ஸ் வந்தான். நான் கேட்டுக்குள் நின்றேன், கை இடுப்பில். பார்த்தான். ரோட்டைத் தாண்டி அந்தப் பக்கம் போய் நின்றான்.

“அக்கா! அதை வீட்டுல வெச்சுட்டு வரமாட்டியா?”

“எனக்குப் பயமா இருக்குடா.”

“யாரைப் பாத்து?”

கேட்டை இழுத்துச் சாத்தினேன். ஐந்து மணி வரை நின்றான்.

ஜூலை 17, திங்கள்

இன்றும் நிற்கிறான். நூற்றெட்டு டிகிரி. மதியம் உபால்தோ அவன் சாப்பாட்டுப் பெட்டியையும் தன்னுடையதையும் எடுத்துக்கொண்டு ரோட்டைக் கடந்தார். “எங்க போறீங்க?” என்றேன்.

“எனக்குப் பரோல் எதுவும் இல்ல. இருந்தாலும் வெளியிலயே சாப்பிடறேன்.”

போகட்டும். தோல் உறை நாள் முழுக்கக் கட்டியிருந்தும் உடம்பில் ஒரு தடம் இல்லை. முதலிலேயே இதை வாங்கியிருக்கலாம்.

ஜூலை 19, புதன்

உபால்தோ மூலம் சொல்லி அனுப்பினேன்: விலை இப்போது ஒன்பதாயிரம். ஆகஸ்ட் வந்தால் ஏழு.

ஜூலை 21, வெள்ளி

ரோட்டுக்கு அந்தப் பக்கம், என் வண்டியின் பானெட்மேல் பத்திரத்தை விரித்தோம். பத்திரத்துக்குச் சாட்சி முத்திரை போட ஒரு பெண் வந்திருந்தாள். அவன் முதலில் என் இடுப்பைப் பார்த்தான். துப்பாக்கியை உள்ளேயே பூட்டிவிட்டுத்தான் வந்திருந்தேன். கையெழுத்துக்கு அவன் பக்கத்தில் வந்தாக வேண்டுமே.

மூன்று இடத்தில் போட்டான். அந்த ரசீதில் இருந்த அதே கையெழுத்து, 'R' மட்டும் பெரிதாக.

கட்டிப்பிடிக்க வரவில்லை. கையைப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டான்.

“கோர்ட்ல நான் வாயே தொறக்கலக்கா. ஏன்னு ஒரு நாளாச்சும் கேட்டிருக்கலாம்.”

கேட்கவில்லை. கேட்டால் விலை ஏறும்.

முத்திரை போட்ட பெண் போனாள். அவனும் பஸ் நிறுத்தத்தைப் பார்த்து நடந்தான். திரும்பிப் பார்த்திருந்தால் கை காட்டியிருப்பேன் என்று நினைக்கிறேன். பட்டை, பஞ்சுத் திண்டு, பிளாஸ்டிக், கணுக்கால் எல்லாவற்றையும் பெட்டியோடு கேட்டில் வைத்தேன், வேண்டியவர்கள் எடுத்துக்கொள்ளட்டும்.

முடிந்தது இப்படி: அவன் பாதி முழுவதும் என் பேரில். ஒன்பதாயிரம் டாலர், பாதி இன்று, பாதி செப்டம்பரில். அவன் சரிசெய்த பொரிக்கும் அடுப்பு அவனுக்கு. கேட்டுக்குள் இனி வரக்கூடாது. அடுப்பை உபால்தோ வெளியே கொண்டுவந்து கொடுப்பார்.