வாசல் கேமராவுக்கு ஐந்தாவது விதி

18.11 செவ்வாய்

தூறல். காலை எட்டு மணிக்கும் விளக்கு போட வேண்டியிருக்கிறது.

உறுதியான செய்தி ஒன்றே ஒன்று: போன வெள்ளிக்கிழமை க. என் வீட்டுக்கு வந்து போனது கூலி வேலைக்கு ஆள் பிடிக்கும் மேஸ்திரியின் ஆளுக்குத் தெரியும். ஆதாரம்: என் காது. இடம்: பஸ் நிறுத்தத்து டீக்கடை. நேரம் ஏழேகால்.

அவன் சொன்னது அப்படியே: "இன்னா சார், வெள்ளிக்கெழம வூட்டுக்கு தேனு வந்துச்சாமே? தேக்கு எல மூடுன தூக்குல. நல்ல தேனா?"

"எந்தத் தேன்?"

"உடுங்க சார். ஒடம்புக்கு நல்லது, சாப்டுங்க."

சிரித்தான். டீ மாஸ்டரும் சேர்ந்து சிரித்தார், விஷயம் தெரியாமல். நான் பாதி டீயை வைத்துவிட்டு வந்தேன்.

க.-வின் பெயரை இங்கேயும் எழுதப்போவதில்லை. அவள் கணவன், ஆடி மாதம் கிணறு வெட்டும் வேலை என்று மேஸ்திரி வேனில் ஏற்றிப் போன நான்கு பேரில் ஒருவன். ஒருவரும் திரும்பவில்லை. கேட்கப்போன மைத்துனன் கை உடைந்து வந்தான். பத்திரிகைக்காக என்னிடம் பேச அவள் போட்ட நிபந்தனை ஒன்றுதான். "பேரு மட்டும் வேணாம் சார். நான் சொன்னேன்னு தெரிஞ்சா உடமாட்டான்." பெயரின் முதல் எழுத்துகூட அச்சில் வராது என்றேன்.

இப்போது யோசிக்க வேண்டியது: தூக்கை முந்தானைக்குள் மறைத்துத்தான் கொண்டுவந்தாள். கேட்டைத் தாண்டி, பலாமரத்தைத் தாண்டி, வாசல்படியில் நின்றுதான் வெளியே எடுத்தாள். சாலையிலிருந்து படி தெரியாது. என் மனைவி மல்லிகா அப்போது பள்ளிக்கூடத்தில். படியைப் பார்த்துக்கொண்டிருந்தது ஒன்றே ஒன்று. கதவுக்கு மேலே, மல்லிகாவின் தம்பி முரளி கோடையில் வந்து மாட்டிய கேமரா.

மாலை: மல்லிகாவிடம் சொல்லவில்லை. கொய்யா வாங்க மறந்தேன்.

19.11 புதன்

மழை இல்லை. பனி.

ரூட்டரைத் திறந்து, அதில் இணைந்திருப்பவை எவை என்று பார்த்தேன். என் மடிக்கணினி, இரண்டு போன், டிவி, மோட்டார் சுவிட்ச், கேமரா. மீதியெல்லாம் முன்பின் தெரியாத போன்கள். தெரியாத என்பது சரியில்லை. மதில்காரர்கள். டவர் கிடைக்காத ஊர். எங்கள் மதிலில் உட்கார்ந்தால் வைஃபை கிடைக்கும். சாதிச் சான்றிதழ் விண்ணப்பம், திருப்பூரில் இருக்கும் பிள்ளையோடு பேச்சு, எல்லாம் அங்கேதான். பாஸ்வேர்டை கேட் தூணில் சாக்பீஸால் எழுதிவைத்தது மல்லிகா. வாத்தியார் புத்தி.

அதாவது யார் வேண்டுமானாலும் கேமரா இருக்கும் அதே வலையில். கேமராவின் பாஸ்வேர்ட் பெட்டியில் வந்தபோது இருந்ததே. மாற்றவேயில்லை.

மகள் நித்யாவுக்கு போன் போட்டேன். ஓசூரில் நெட்வொர்க்தான் அவளுக்கு வேலை.

"தீபாவளிக்கு ஒரு ரூட்டர் அனுப்பினேனே, எங்கப்பா?"

"பீரோவில்."

"கவர் பிரிச்சீங்களா?"

"இல்லை."

"நல்லா இருக்குப்பா. பட்டுப்புடவைக்கு நடுவுல பத்திரமா இருக்கட்டும்."

பிரித்தேன். அவள் சொல்லச் சொல்ல மூன்று தனி வலைகள். வேலை வலை: மடிக்கணினி, எங்கள் போன்கள். பொருள் வலை: டிவி, மோட்டார், கேமரா. விருந்தினர் வலை: மதில். எது எங்கே போகலாம் என்று காவல் காக்கும் ஃபயர்வாலில் நான்கு விதிகள்:

1. வேலையிலிருந்து பொருளுக்கு: அனுமதி.
2. பொருளிலிருந்து வேலைக்கு: தடை.
3. விருந்தினரிலிருந்து மற்ற இரண்டுக்கும்: தடை. எவராவது முயன்றால் பதிவாக வேண்டும்.
4. எல்லாவற்றிலிருந்தும் வெளியே இணையத்துக்கு: அனுமதி.

"வரிசை முக்கியம்பா. மேலேர்ந்து கீழ படிக்கும். பொருந்துற முதல் விதியோட நிறுத்திடும். கீழ என்ன எழுதியிருந்தாலும் பார்க்காது. உங்க எடிட்டர் மாதிரின்னு வெச்சுக்கோங்க."

கேமராவையே பிடுங்கிவிட்டால் என்ன என்று கேட்டேன்; பிடுங்கலாம் என்றாள். பிடுங்கவில்லை. வாசலுக்கு யார் வருகிறார்கள் என்று இப்போதுதான் எனக்குத் தெரிய வேண்டும். நான் பார்க்க வேண்டும், வேறு யாரும் பார்க்கக் கூடாது.

விருந்தினர் வலைக்குப் புதுப் பாஸ்வேர்ட். யாரிடமும் சொல்லவில்லை. தூணில் இருந்ததை ஈரத்துணியால் துடைத்தேன். மதிலில் நான்கு பேர். தினமும் வரும் வேடி போனைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துப் பார்த்தார்.

"இன்னா சார், சுத்திக்கினே கீது. புடிக்கல."

"ரிப்பேர்."

"ரிப்பேருன்னா தூண ஏன் சார் தொடைக்கிறீங்க?"

துணியைப் பிழிந்தேன். காட்டிக்கொடுத்தது வேடியாகவே இருக்குமோ என்று நினைத்தேன். நான்கு முகங்களையும் அப்படித்தான் பார்த்தேன்.

20.11 வியாழன்

விடாத மழை.

காலையில் மோட்டார் ஓடவில்லை. சுவிட்ச் பழைய வலையையே தேடிக்கொண்டிருந்தது. குடை பிடித்து நின்று அதன் பொத்தானைப் பத்து விநாடி அமுக்க வேண்டியிருந்தது. மல்லிகா ஜன்னலிலிருந்து: "தண்ணி வரலன்னா உங்க ஃபயர்வால்லயா குளிக்கறது?"

அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பையில் டிபன் பாக்ஸை வைத்தாள். பிறகு, "அந்தம்மா தனியா நடந்துதான போச்சு, அன்னிக்கு" என்றாள். அவ்வளவுதான். பள்ளிக்குப் போய்விட்டாள்.

ரூட்டரின் பதிவேட்டை, அதாவது லாக்கை, பார்த்தேன். விதி மூன்று: முயற்சி பூச்சியம். புது பாஸ்வேர்ட் யாருக்கும் தெரியாதபோது பூச்சியம்தான் வரும் என்று பிறகுதான் உறைத்தது. பூட்டிய அறைக்குள் யாரும் வரவில்லை என்று செய்தி எழுதுவதைப் போல.

கேமராவிலிருந்து வெளியே மட்டும் போய்க்கொண்டே இருக்கிறது. விதி நான்கு, நிமிடத்துக்கு நிமிடம். அது கம்பெனி சர்வருக்குப் போவது, சகஜம் என்றாள் நித்யா. சகஜம் என்ற சொல்லை நான் நம்புவதில்லை.

ஆகவே பழைய வழி. செய்தி எங்கே கசிகிறது என்று அறிய, ஒரே ஒரு இடத்தில் மட்டும் ஒன்றை வைத்துவிட்டுக் காத்திருப்பது. பரணிலிருந்து மஞ்சள் சூட்கேஸை இறக்கி வாசல்படியில் வைத்தேன். பலாமரம் மறைக்கும், கேமராவுக்கு மட்டும் தெரியும். இதைப் பற்றி யார் வாய் திறக்கிறார்களோ, அவர்.

மாலையில் ஒரு வெள்ளை வேன் வீட்டைக் கடந்து மெதுவாகப் போனது. காய்கறி வண்டி. ஆனாலும் கூடத்து நாற்காலியை ஜன்னலை விட்டுத் தள்ளிப் போட்டேன்.

21.11 வெள்ளி

காலை 10.20. முரளியின் போன், அவனுடைய சந்தவாசல் கடையிலிருந்து.

"இன்னா மாமா, ஊருக்கா? அக்கா ஒண்ணுமே சொல்லல. பொட்டி வெளிய கீது, மழையில நனையப்போவுது, உள்ள எடுத்து வையுங்க."

பேனாவை எடுத்துக்கொண்டேன்.

"உனக்கு எப்படித் தெரியும்?"

"தெரியாம இன்னா மாமா? மாட்டும்போது என் போன்லதான கணக்கு தொறந்தேன். நம்ம கடை பெரிய டிவில உங்க வூட்டு வாசல்தான் எப்பவும் ஓடும். கஸ்டமருக்குக் காட்டறதுக்கு. மரம் செடின்னு படம் சூப்பரா வருது மாமா. அத்த பாத்துதான் நெறைய பேரு ஆர்டர் குடுத்தாங்க."

மேஸ்திரி வருவாரா என்று கேட்டேன். குரலைச் சாதாரணமாக வைத்துக்கொண்டு.

"அண்ணன்தான? அவரு கொடவுனுக்கு நம்ம கேமராதான். போன வாரம் வந்தப்ப, 'இந்தம்மா எங்கியோ பாத்த மூஞ்சியா கீதே'ன்னாரு. அந்தத் துண்டு வீடியோவ அனுப்பச் சொன்னாரு, அனுப்பினேன். ஏன் மாமா? மாமா? லைன்ல கீறீங்களா?"

சொன்னேன். கடையில் யாரோ சார்ஜர் கேட்கும் குரல் மட்டும் கேட்டது.

அவனை லைனிலேயே வைத்துக்கொண்டு ஐந்தாவது விதி எழுதினேன். கேமராவிலிருந்து வெளியே: தடை.

"போச்சா?"

"இல்ல மாமா. ஓடுது. பொட்டி தெரியுது."

மறுபடி சேமித்தேன். "இப்போ?"

"ஓடுது மாமா." அழுகிற குரல்.

விதி ஐந்து கடைசியில் இருந்தது. அதற்கு மேலே விதி நான்கு, எல்லோருக்கும் அனுமதி. அதோடு நின்றுவிடுகிறது. இழுத்த விதி இரண்டு முறை தவறான இடத்தில் விழுந்தது. மூன்றாவது முறை நான்குக்கு மேலே நின்றது. கேமராவின் விளக்கு ஒருமுறை அணைந்து எரிந்தது.

"கருப்பாயிடுச்சி மாமா."

லாக்கில் தடை எண்ணிக்கை ஏறத் தொடங்கியது. இரண்டு ஆதாரமும் ஒத்துப்போகின்றன. அந்தக் கணக்கையே அழித்துவிடச் சொன்னேன். ஆனால் போன வீடியோ போனதுதான். அதற்கு விதி கிடையாது.

வேலையில் சேர்ந்த நாளிலிருந்து பெயர்களை மறைத்துவந்திருக்கிறேன். முகம் ஒரு கடை டிவியில் ஓடிக்கொண்டிருந்தது.

மதியம் மதிலுக்குப் போய் வேடியிடம் மன்னிப்பு கேட்டேன். அவர் வெற்றிலையை ஒரு பக்கம் ஒதுக்கிக்கொண்டு, "அத்த உடுங்க சார். நேத்து ரெண்டு பொம்பளைங்க வந்து மழையிலயே நின்னாங்க. அக்கா தங்கச்சியாட்டம். போனு புடிக்கல. ஒருத்தி உங்க கேட்டையே பாத்துக்கினு இருந்தா. அப்பறம் போய்ட்டாங்க" என்றார்.

க.-வுக்குச் சொந்த போன் கிடையாது. அக்காவின் போனில், என் மதிலிலிருந்துதான் என்னைக் கூப்பிடுவாள். வேறு வழியே கிடையாது. அந்த வழியைத்தான் புதன்கிழமை துடைத்தேன்.

22.11 சனி

காலையில் வெயில் எட்டிப் பார்த்தது, பத்து மணிக்கு மறுபடி மூட்டம்.

க.-வின் ஊர். வண்டி பாதி தூரம், மீதி சேற்றில் நடை. வழியில் இரண்டு முறை திரும்பிப் பார்த்தேன், ஒருவரும் இல்லை. மூன்றாவது முறை திரும்பப் பயந்து திரும்பவில்லை.

அக்கா மட்டும் இருந்தாள். சாமையைப் புடைத்துக்கொண்டிருந்தாள், நிறுத்தவில்லை.

"வேன் வந்துச்சி சார். நேத்து சாயங்காலம். போன்ல படம் காட்டுனாங்க. உங்க வூட்டு வாசல்."

"என்ன கேட்டார்கள்?"

"இது யாருன்னாங்க."

"நீங்க?"

"எனக்குத் தெரியாதுன்னேன். கூடப் பொறந்தவ மூஞ்சிய."

முறத்தில் கல் பொறுக்கினாள். "வியாழக்கெழமையே வந்தோம் சார். இவன் ஆளுங்க ஊர்ல விசாரிக்கிறாங்கன்னு சொல்லத்தான். நெட்டு இல்ல. கேட்டத் தட்டலாம்னா, தட்டுனா அதுவும் எங்கியாச்சும் தெரியுமோன்னு அவதான் வேணாம்னா."

கேமரா எப்படி, டிவி எப்படி என்று எல்லாம் சொன்னேன். என் தவறு என்றேன். "ஆமா" என்றாள்.

க. இன்று முதல் பஸ்ஸில், அமிர்தி வழியாக, கணியம்பாடிப் பக்கம் சித்தி வீட்டுக்குப் போயிருக்கிறாள். போய்ச் சேர்ந்த தகவல் இல்லை; அக்கா இருக்கும் ஊரில் சிக்னல் கிடையாது. சித்தி வீட்டு நம்பரைக் கொடுங்கள், நானே பேசுகிறேன் என்றேன்.

"நம்பரு குடுக்கமாட்டேன் சார். நாளைக்கு உங்க மதிலுக்கு வர்றேன். நானே பேசிக்கறேன். தங்கச்சி கொரலக் கேட்டப்பறம் எங்க வேணா கூப்டுங்க, வர்றேன்." திங்கள் திருவண்ணாமலை கலெக்டர் அலுவலகத்துக்கு, நான்கு பேர் காணவில்லை என்ற மனுவோடு என்று பேச்சு.

எடிட்டரிடம் சொல்லிச் செய்தியை நிறுத்திவைத்தேன். காரணம் கேட்டார். இரண்டு வரியில் சொன்னேன். மேலே ஒன்றும் கேட்கவில்லை.

விதிகளை மறுபடி ஒருமுறை படித்தேன், மேலிருந்து கீழே. விருந்தினர் வலையில் பழைய பாஸ்வேர்டையே போட்டேன். விதி மூன்று இருக்கிறது, அந்தப் பக்கத்திலிருந்து பயமில்லை. மல்லிகா அதைத் தூணில் எழுதினாள். இந்த முறை பெயிண்டில்.

நிலுவை: க. போய்ச் சேர்ந்தாளா. சொல்ல வேண்டியவர்: அவள் அக்கா, என் மதிலிலிருந்து. எதிர்பார்ப்பது: நாளை காலை பத்து மணி, மழை விட்டால்.