பனிமலை இருந்த பாதி

லுக்குட் பக்கத்துத் தோட்டம்,
ஆகஸ்ட் 1943

அன்புள்ள தம்பி மணியத்துக்கு,

இங்கே நாங்கள் உயிரோடு இருக்கிறோம். கோலா கிளாவாங்கில் ஒளிந்திருக்கும் நீ சௌக்கியம் என்று, நம் கடிதங்களைச் சுமக்கும் சன்னாசி சொன்னான். மரவள்ளிக்கிழங்கு தின்று யாரும் சௌக்கியமாக இருக்க முடியாது என்பதால் பாதிதான் நம்பினேன்.

சிரம்பானில் நடக்கப்போகும் ஓவியக் கண்காட்சிக்கு உன் விண்ணப்பத்தைத் தயார் செய்துவிட்டேன். தேர்வாகும் ஓவியர்களுக்கு முத்திரை குத்திய அட்டை தருவார்களாம். அட்டை உள்ளவனைச் சயாமில் ஜப்பான்காரன் போடும் ரயில் பாதை வேலைக்குப் பிடிக்க மாட்டார்களாம். சொன்னவர் தோட்டக் கணக்கு எழுதும் கிராணி நல்லசாமி. சயாமுக்கு ஆள் பெயர் எழுதிக் கொடுப்பவரும் அவரேதான். இரண்டையும் ஒரே புன்னகையோடு செய்கிறார்.

தேர்வுக் குழுவில் ஒரு ஜப்பானிய ராணுவ அதிகாரி, ஒரு பல் வைத்தியர், முன்பு குதிரைப் பந்தய முடிவுகளை அச்சடித்து விற்ற ஒருவர். இவர்கள் கையில் கலையை ஒப்படைக்க எனக்குத் தயக்கமில்லை. நாம் அனுப்புவது கலை இல்லை.

ஆம், அந்தப் படம்தான். போட்டோ ஸ்டூடியோவுக்கு நீ வரைந்து கொடுத்து, ஸ்டூடியோ மூடியதும் வீட்டுக்குத் திரும்பி வந்த திரைச்சீலை. பனிமலை, அடியில் குளம், குளத்தில் அன்னங்கள். மலை இருந்த பாதியை வெட்டிச் சட்டம் அடித்தேன். ஏதோ காலண்டரைப் பார்த்து நீ போட்ட வெள்ளைக்காரன் நாட்டு மலை, அந்த அதிகாரிக்குத் தன் ஊர் மலையாகத்தான் தெரியும். உன் மனைவி பஞ்சாலை அதைப் பார்த்துவிட்டு, இவ்வளவு மாவு கொட்டிக் கிடக்குதே அண்ணி, யாரும் அள்ளலையா என்றாள். அன்னங்கள் இருந்த பாதியில் பாவாடை தைத்துக்கொண்டாள். உன் ஓவியம் ஒருவருக்குப் பயன்பட்டதை முதல் முறையாகப் பார்த்தேன்.

எதற்காக வரைகிறீர்கள் என்று விண்ணப்பத்தில் ஒரு கேள்வி. ஆசியாவின் விடியலுக்கு என் தூரிகை தலைவணங்குகிறது என்று எழுதினேன். நான் சென்னையில் பி.ஏ. படித்ததன் பலன் இந்த வாக்கியம்.

அந்தக் கேவலத்தைக் காட்டுவதைவிடச் சயாமுக்கே போகிறேன் என்று சொல்லி அனுப்பினாயாம். நல்ல நாடக வசனம். முனியாண்டியும் வீராப்பாகத்தான் ரயிலேறினான். அவன் பெண்டாட்டி மயிலம்மாள் இன்னமும் அவன் சட்டையைத் துவைத்துக் காயப்போடுகிறாள். அழுக்காக்கத்தான் ஆள் இல்லை.

அன்றைக்கு ரயிலடியில் நீ கரியால் வரைந்த படம், முனியாண்டி திரும்பிப் பார்ப்பது, அரிசிப் பானையின் அடியில் இருக்கிறது. அரிசி இல்லாத பானையை யாரும் திறப்பதில்லை. அதைத்தான் அனுப்ப வேண்டும் என்கிறாய். அனுப்பினால் பல் வைத்தியருக்குக்கூடப் புரிந்துவிடும். அந்தப் படத்தைப் பற்றி நான் இதற்குமேல் எழுதப்போவதில்லை.

விண்ணப்பம் சன்னாசியிடம் இருக்கிறது. கையெழுத்தை மட்டும் நீ போட வேண்டும். தோட்ட ஆபீஸில் உள்ள உன் பழைய கையெழுத்தோடு ஒத்துப்பார்ப்பார்கள். இல்லாவிட்டால் அதையும் நானே போட்டிருப்பேன். வருஷத்தை ஜப்பான்காரன் கணக்குப்படி 2603 என்று எழுதியிருக்கிறேன். திருத்தித் தொலைக்காதே. இந்தக் கடிதத்தை அடுப்பில் போடு.

கையெழுத்துப் போட்டுவிட்டு வீட்டுக்கு வா, தம்பி. யாராவது கேட்டால் இன்னொரு பனிமலை வரைந்து கொடு. சண்டை முடியும்வரை உன் கைக்கு நல்ல படம் எதுவும் வராமல் இருக்கட்டும். பானையை நான் பார்த்துக்கொள்கிறேன்.

உன் அக்கா,
வள்ளிநாயகி